நிறம் பிரிக்கும் மெஷின்

ஜூன் 3, செவ்வாய்

தினமும் ஏதாவது எழுத வேண்டுமாம். ஜெயசீலன் சொல்லிவிட்டார். அட்டையில் ‘தொழில்முனைவோர் நாட்குறிப்பு’ என்று அச்சடித்த நோட்டு ஒன்றையும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘இன்று நான் கற்றது’ என்று போட்டிருக்கிறது. முதல் நாளே கற்றதை எழுதிவிடுகிறேன். சொந்தமாக ஆரம்பித்த மூன்று தொழிலையும் இழுத்து மூடிய ஒரு மனிதர், நாலாவதாக, தொழில் நடத்துவது எப்படி என்று ஊராருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தால் சுகமாகப் பிழைக்கலாம். அவருக்கு வழிகாட்டி என்று பட்டம், கழுத்தில் அட்டை, போகவர கார்.

விஷயம் இதுதான். பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரி ஆலை. பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். கொட்டையை வேகவைத்து, உடைத்து, தோல் உரித்து, நிறம் பார்த்துத் தரம் பிரித்து, சென்னையில் ஒரு ஸ்வீட் கம்பெனிக்கு அனுப்புகிறோம். அந்த ஒரு கம்பெனிதான் எங்கள் சோறு. பொங்கலுக்குப் பிறகு இரண்டு லோடு திரும்பி வந்துவிட்டது, வெள்ளைப் பருப்போடு கருகல் கலந்திருக்கிறது என்று. மூன்றாவதும் திரும்பினால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கடிதமே போட்டுவிட்டார்கள். பருப்பை நிறம் பார்த்துப் பிரிக்க மெஷின் இருக்கிறது. விலை பதினெட்டு லட்சம். பெண்கள் நடத்தும் சிறுதொழில்களுக்கு ஒரு நிதியம் மானியம் கொடுக்கிறது, திருப்பித் தர வேண்டாம். நாற்பது பேர் போட்டி, ஆறு பேருக்குத்தான் கிடைக்கும். எங்களைத் தயார் செய்ய அந்த நிதியம் வைத்திருக்கும் ஆள்தான் ஜெயசீலன்.

பெண்கள் நடத்தும் தொழில் என்றால் நான் நடத்தும் தொழில் என்று பொருள். சிரிக்கக் கூடாது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், பெண்கள் பேரில் வாங்கினால் வட்டி குறைவு என்று இவர் ஆலையை என் பேரில் பதிந்தார். எங்கள் பக்கம் பாதி ஆலை இப்படித்தான். போர்டில் மனைவி பெயர், நாற்காலியில் கணவன். இவர் விரல் வைத்த இடத்தில் மங்கையர்க்கரசி என்று கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எந்தத் தொழிலையும் கண்டதில்லை. இப்போது நேர்காணலுக்கு உரிமையாளர் மட்டும்தான் உள்ளே போக வேண்டுமாம். அதனால் ஐந்து வாரத்தில் என்னை முதலாளி ஆக்கப் போகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

விண்ணப்பம் முப்பத்தொரு பக்கம். ஒரே கேள்வியை நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், பொய் சொல்கிறவன் எங்கேயாவது மாட்டுவான் என்று. இவரைப் படிக்கச் சொன்னேன். “நீயே படி, ஒம் பேர்லதான இருக்கு” என்றார். கண்ணாடி ஆலையில் இருக்கிறதாம். ஆலைக்குக் கொண்டுபோய் நீட்டினால் கண்ணாடி வீட்டில் இருக்கிறதாம். வாழைப்பழச் சோம்பேறி என்பதற்குப் படம் போட வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் கோதண்டபாணியைப் போடலாம்.

முப்பத்தொரு பக்கத்தையும் நான்தான் சத்தமாகப் படித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறார் என்று நினைத்து நடுவில் இரண்டு வரி விட்டுப் படித்தேன். உடனே, “விட்டுட்டுப் போற” என்றார்.

ஜூன் 9, திங்கள்

கடலூரில் பயிற்சி. குளிர்சாதன அறை, மதியம் பிரிஞ்சி. நாற்பது பெண்கள். அதில் முப்பது பேர் என்னைப் போல போர்டு முதலாளிகள். பேச எழுந்ததும் பின்வரிசையில் கணவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடுகிறார்கள். பலாப்பழத்துக்கு செல்போனில் ஏதோ செய்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள். பழத்தைத் தட்டினால் பழுத்ததா இல்லையா என்று போன் சொல்லுமாம். பண்ருட்டியில் பிறந்தவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளப் போன் வேண்டியிருக்கிறது. எல்லோரும் அவளுக்குத்தான் அதிகமாகக் கை தட்டினார்கள்.

ஜெயசீலன் எங்களுக்குச் சொன்ன ரகசியம்: நடுவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை, கதையைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் பட்ட கஷ்டத்தை மூன்று நிமிஷத்தில் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் குரல் கம்ம வேண்டும். என்னிடம் வந்து, “உங்க வாழ்க்கையில பெரிய சோகம் என்னம்மா?” என்று கேட்டார். இங்கே நேரத்துக்குச் சாப்பாடு போடாததுதான் என்றேன்.

ஜூன் 14, சனி

இவர் பாண்டிக்குப் போய்விட்டு வந்தார். புரோக்கரைப் பார்க்கவாம். மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை இந்தப் புரோக்கர் தரிசனம் நடக்கிறது. எங்கள் மாவட்டத்து ஆம்பிளைகள் எதற்குப் பாண்டிக்குப் போவார்கள் என்று பச்சைக்குழந்தைக்கும் தெரியும். போகும்போது வெறும் முகம். வரும்போது கறுப்புக் கண்ணாடி. ஐம்பத்தெட்டு வயதில் மைனர் வேஷம். ஆட்டோவில் வந்து இறங்கினார். பைக்கைத் தொட்டே ஐந்து மாசம் ஆகிறது. முதலாளிக்கு ஆட்டோதான் அந்தஸ்து போலிருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். வாடை இல்லை. வாடையில்லாத சரக்கும் அங்கே விற்கிறார்கள் போல.

ஜூன் 18, புதன்

என் தங்கை வீட்டு நிச்சயதார்த்தம். மண்டப வாசலில் இவருடைய சகலை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் அவரைத் தாண்டிப் போய் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்ற சமையல்காரனுக்குக் கும்பிடு போடுகிறார். தங்கை முகம் செத்துவிட்டது. சகலை, “அண்ணே, நான் இங்க இருக்கேன்” என்று கூப்பிட்ட பிறகு திரும்பிச் சிரித்தார். இத்தனை திமிர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மானியம் வருவதற்கு முன்னாலேயே இப்படி என்றால், வந்த பிறகு என்னையும் யார் என்று கேட்பார்.

ஜூன் 21, சனி

ஆலையில் முழுநாளும் உட்கார்ந்திருந்தேன், ஜெயசீலன் உத்தரவு. தரம் பிரிக்கும் மேசை நீளமாக இருக்கிறது, மேலே டியூப்லைட். முழுப் பருப்பு, உடைசல், குருணை. முழுதில் வெள்ளை, லேசான மஞ்சள், கருகல். பெண்கள் பிரித்து வைப்பதை இவர் கடைசியாகக் கையில் அள்ளிப் பார்த்து டின்னில் போடச் சொல்ல வேண்டும். கோதண்டபாணி கண் பட்ட பருப்பு என்றுதான் மார்க்கெட்டில் எங்கள் டின்னுக்கு மதிப்பு. அந்தப் பேச்சை நம்பித்தான் தோப்புக்காரர்கள் கொட்டையைக் கடனுக்குப் போடுகிறார்கள்.

அங்கே நான் கற்றது வேறு. அஞ்சலாட்சி என்று ஒருத்தி, உரிக்கிற பெண்களுக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயது, புருஷன் திருப்பூரில். அவள் இவருக்கு ஒரு முழ தூரத்திலேயே நிற்கிறாள். முன்பெல்லாம் மேசையின் அந்தக் கோடியில் இருப்பாள். பொங்கலிலிருந்து இடம் மாறிவிட்டது என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். இவர் பருப்பைக் கையில் எடுத்தால் அவள் இருமுகிறாள். இவர் உடனே அதைத் தள்ளி வைக்கிறார். நான் கண்ணைக் கொட்டாமல் ஒரு மணிநேரம் பார்த்தேன். மருந்து வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சந்தேகப்படுகிற ஜாதி இல்லை. அதுவும் இந்த மனிதர் மேல் சந்தேகப்பட்டால் அது இவருக்குக் கொடுக்கும் மரியாதை ஆகிவிடும்.

ஜூன் 24, செவ்வாய்

விண்ணப்பத்தில் ‘உங்கள் தொழிலின் தற்போதைய சிக்கலை ஆதாரத்துடன் விளக்குக’ என்று ஒரு கேள்வி. ஜெயசீலன் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். அதைத் தமிழாக்கிப் பார்த்தால் உலகத்தில் போட்டி அதிகமாகிவிட்டது என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா? நானே வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பி வந்த இரண்டு லோடும் எந்தெந்த நாள் பிரித்தது என்று டின் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தேன். பிப்ரவரியில் மூன்று நாள், ஏப்ரலில் நான்கு நாள். அந்த ஏழு நாளும் அஞ்சலாட்சி லீவு. மற்றபடி அதே பெண்கள், அதே கொட்டை, அதே பாய்லர். ஆக, அவள் வராத நாளில் முதலாளிக்கு வேலையில் மனசு இல்லை. அதற்குப் பதினெட்டு லட்சத்தில் மெஷின் கேட்கிறோம்.

இதை விண்ணப்பத்தில் எழுத முடியாது. ‘தரம் பிரிப்பதில் மனித கவனம் நாளுக்கு நாள் மாறுகிறது’ என்று எழுதினேன். ஜெயசீலன் படித்துவிட்டு, நல்ல வாக்கியம் அம்மா என்றார்.

பதிவேடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நேரம் போனதே தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

முதல் சுற்றில் தேறிவிட்டோம். நாற்பது பன்னிரண்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு மதிப்பீட்டாளர் ஆலையைப் பார்க்க வருகிறார். ஜெயசீலன் வந்து ஒத்திகை நடத்தினார். பெண்களுக்கெல்லாம் தலையில் வலைத்தொப்பி மாட்டிவிட்டார். நான் வரவேற்கும்போது கும்பிட வேண்டுமாம். இவர் பின்னால் நிற்க வேண்டுமாம். பதினாறு வருஷம் நான் பின்னால் நின்றதற்கு யாரும் ஒத்திகை வைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் இவர் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். இலையெல்லாம் குளமாகிவிட்டது. நினைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நினைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

ஜூன் 30, திங்கள்

காலையில் ஆலைக்குப் போனேன். அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு, இனிமேல் உடைக்கிற கொட்டாயில் வேலை பார் என்றேன். கொட்டாய் ஆலைக்குப் பின்னால், களத்தைத் தாண்டி இருக்கிறது. அவள், நாளைக்கு ஒரு நாள் மட்டும் மேசையிலேயே இருக்கிறேன், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்று கெஞ்சினாள். நாளைக்கு என்ன அத்தனை விசேஷம் என்று கேட்டேன். இவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போ என்றேன்.

இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. முதலாளி நான்தானே, போர்டில் போட்டிருக்கிறதே.

ஜூலை 1, செவ்வாய்

மதிப்பீட்டாளர் வந்தார். ஓய்வுபெற்ற இன்ஜினியர், மெலிந்த மனிதர், அட்டையில் தாள் செருகி ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். பாய்லர், தண்ணீர், கழிவறை, தீயணைப்பு. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். ஜெயசீலன் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. தெரிந்ததைச் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார்.

தரம் பிரிக்கும் மேசைக்கு வந்தோம். இப்போது கையால் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார். இவர் முன்னால் வந்தார். கைநிறையப் பருப்பை அள்ளினார். அளவு பிரிப்பதில் ஒரு பிசகும் இல்லை, விரல் பட்டதும் தள்ளுகிறார். அந்த மனிதர் மேசையிலிருந்து ஒரு பருப்பை எடுத்து நீட்டி, இது என்ன தரம் என்று கேட்டார்.

இவர் வாங்கி உருட்டினார். உடனே சொல்லவில்லை, எதற்கோ காத்திருந்தார். “வெள்ளைங்க சார். மொதல் தரம்” என்றார்.

காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது அந்தப் பருப்பு. குழந்தைகூட கருகல் என்று சொல்லும்.

இவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். இவர் பருப்பையும் பார்க்கவில்லை, அந்த மனிதரையும் பார்க்கவில்லை. அவருடைய முழங்கைக்கு அந்தப் பக்கம், சுவரில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிற முகம்.

மதிப்பீட்டாளர் எதையோ நீளமாக எழுதினார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் நேராகக் கொட்டாய்க்குப் போனேன். அஞ்சலாட்சி உடைக்கிற மெஷினிலிருந்து எழுந்து நின்றாள். கையெல்லாம் முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தது.

“பொங்கல்லேர்ந்து நான்தாங்க்கா சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள். “வெள்ளையா இருந்தா சும்மா இருப்பேன். கருகலா இருந்தா இருமுவேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சத்தியம் வாங்கிட்டாரு.”

என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவள் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஜூலை 2, புதன்

இவர் எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரையால் வந்ததாம். உள்ளே ரத்தம் கசிந்து நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நிழல் மாதிரி கொஞ்சம் தெரிகிறது. வெளிச்சம் இருட்டு தெரியும், ஆள் தெரியும், முகம் தெரியாது, நிறம் சுத்தமாகத் தெரியாது. பாண்டிக்குப் போனது ஆஸ்பத்திரிக்கு. கண்ணில் ஊசி போடுகிறார்களாம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார்களாம். மானியத்துக்கு என்னைத் தள்ளிவிட்டதும் அதற்குத்தான். மெஷின் வந்துவிட்டால் நிறத்துக்கு இவர் கண் தேவையில்லை, நானும் தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பேன், யாருக்கும் எதுவும் தெரியாமல் ஒதுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மார்க்கெட்டுக்குத் தெரிந்தால் மறுநாளே கடன் கொட்டை நின்றுவிடும் என்பதும் உண்மைதான்.

அதெல்லாம் சரி, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தோப்புக்காரனுக்குத் தெரிஞ்சா கடன்தான் போவும். அத சமாளிச்சுக்கலாம்” என்றார். “நான் பயந்தது ஒன் வாய்க்குத்தான் அரசி. குருடன்னு ஒரு தடவ நீ சொல்லி நான் கேட்டுட்டா, அப்புறம் எந்திரிக்க மாட்டேன்.”

சென்னை நேர்காணலில் கேட்டாலும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

முன் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். சோம்பேறி, திமிர், மைனர் வேஷம். கிழிக்கவில்லை. நான் எழுதியதுதானே, இருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாவது லோடு போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பவில்லை. போன வாரமே அஞ்சலாட்சியை மேசைக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டிரண்டு பெண்களாக உட்கார வைத்து, ஒருத்தி பிரித்ததை இன்னொருத்தி பார்க்க வேண்டும் என்று வைத்தேன். கடைசியில் நான் பார்த்தேன். கருகல் ஒன்று தப்பவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நூற்றெண்பது கிலோ பிரித்த இடத்தில் நூற்றுப்பத்துதான் ஆகிறது. இப்படியே போனால் தீபாவளி ஆர்டரைத் தொடவே முடியாது. மெஷின் இல்லாவிட்டால் கம்பெனி தானாகவே போய்விடும்.

அஞ்சலாட்சியிடம், தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். “எனக்குத் தெரியும்க்கா” என்றாள். எது தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

சென்னை. கண்ணாடிக் கட்டடம், பதினோராவது மாடி. இவர் வெளியே சோபாவில். ஜெயசீலன் என் புடவைத் தலைப்பைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, குரல் கம்மும் இடத்தை மறக்காதீர்கள் என்றார். அவர் எழுதிக்கொடுத்த கதையில் நான் எட்டு வயதில் முந்திரி பொறுக்கினேன். நான் எட்டு வயதில் சிதம்பரத்தில் கான்வென்ட்டில் படித்தேன்.

உள்ளே ஐந்து பேர். நடுவில் ஒரு அம்மாள், நரைத்த தலை, கைத்தறிப் புடவை. எனக்குக் கொடுத்த மூன்று நிமிஷத்தில் பாதியில் நிறுத்திவிட்டார். ஆலையைப் பார்த்தவர் எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. இரண்டு லோடு திரும்பியிருக்கிறது, எங்கள் ஆள் முன்னாலேயே உங்கள் கணவர் கருகிய பருப்பை முதல் தரம் என்றிருக்கிறார், இத்தனை அலட்சியமான இடத்துக்கு மெஷின் கொடுத்து என்ன பயன் என்று கேட்டார்.

அலட்சியம் என்ற அந்த வார்த்தையை ஐந்து மாசமாக இவர் மேல் போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். ஆனால் வேறு ஒருத்தி வாயிலிருந்து கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. ஆமாம், என் தவறு, நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஊரில் அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன். அப்படிச் சொன்னால் மானியம் போகும், பதினான்கு பெண்களும் போவார்கள், கெட்டிக்காரர் என்ற இவர் பேரும் சேர்ந்து போகும்.

“அவருக்குக் கண்ணு தெரியலைங்க” என்றேன். “பொங்கல்லேர்ந்தே தெரியல. பத்து நாளைக்கு முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது. அலட்சியம் என்னோடது, அவரோடது இல்ல.”

ஓரத்தில் இருந்த இளைஞன் ஒருவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை, இதுதானே உங்களுடைய கதை, இதைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகுமே என்றான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். கண்ணாடிச் சுவருக்கு வெளியிலிருந்து அந்த முகத்தைப் பார்த்த ஜெயசீலன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிணத்தைப் பார்த்ததும் மாலைக்கடைக்காரன் முகம் மலருவது மாதிரி.

“தம்பி, முந்திரிக்குக் குடுக்கறதா இருந்தா குடுங்க” என்றேன். “அவரு கண்ணுக்குக் குடுக்கறதா இருந்தா வேணாம்.”

பிறகு பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தேன். எந்த ஏழு நாள், எந்த டின், யார் லீவு, இரட்டைப் பார்வை வைத்த பிறகு எத்தனை கிலோ குறைந்தது, மெஷின் வந்தால் தீபாவளிக்கு எத்தனை டன் கொடுக்க முடியும், பிரிக்கிற பெண்களில் யாரையும் நிறுத்தாமல் எங்கே மாற்றுவேன் என்று எல்லாம் சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. யாரும் நிறுத்தவில்லை. குரல் எங்கேயும் கம்மவில்லை.

வெளியே வந்தேன். இவர் சோபாவிலிருந்து, என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். சொல்லிவிட்டேன் என்றேன். பஸ்ஸில் திண்டிவனம் வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திண்டிவனத்தில், “என்னா சொன்ன? குருடன்னா?” என்று கேட்டார். இல்லை, கண் தெரியவில்லை என்றுதான் சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

வாக்குத் தவறிய முதலாளி நான். இவர் என்னிடம் பேசுவதில்லை, சாப்பிடுகிறார்.

ஜூலை 19, சனி

பாண்டி ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். போன வாரமே போயிருக்க வேண்டும், இவர் முரண்டு பிடித்துவிட்டார். நான்கு மணிநேரம் காத்திருந்தோம். ஊசி போடும்போது என் விரலை நெரித்துவிட்டார். இத்தனை மாதமும் இதற்குத் தனியாக வந்துபோயிருக்கிறார். நான் வீட்டில் வாடை பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது. பதினெட்டு கேட்டதற்குப் பதினான்கு. மீதி நாலை நாம் போட வேண்டும். ஆறு பேரில் நாங்கள் ஐந்தாவது. முதலாவது அந்தப் பலாப்பழத்தைத் தட்டுகிற போன். நாசமாய்ப் போகட்டும். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். கடிதத்தை இவருக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். நாலாம் தடவை நான் ஆரம்பிக்கும் முன்பே இவர் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு மாசத்துக்குப் பிறகு என்னிடம் முழு வாக்கியமாகப் பேசியது அதுதான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜெயசீலன் போன் செய்தார். நிதியம் வெற்றிக்கதைகள் என்று புத்தகம் போடுகிறதாம், ஊரெல்லாம் கொடுப்பார்களாம். எங்கள் இருவர் படமும் கதையும் வேண்டுமாம். தலைப்பும் வைத்துவிட்டார்: கணவரின் கண்ணான காரிகை. பாய்லரில் வேகவைத்துவிடுவேன் என்றேன். சம்மதம் கொடுப்பதும் கொடுக்காததும் எங்கள் இஷ்டம் என்று நிதியத்தின் கடிதத்தோடு வந்த தாளில் இருந்தது. வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் அடிக்கப் பேனாவை எடுத்தேன்.

ஹாலில் உட்கார்ந்திருந்த இவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அந்தத் தாளையும் படிக்கச் சொன்னார். படித்தேன். யோசித்தார். சரி என்று போடு என்றார்.

ஊருக்கே தெரிந்துவிடும், தோப்புக்காரர்கள், மார்க்கெட், தங்கை வீடு, எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றேன்.

“தெரியட்டும். இனிமே டின்னுல ஒம் பேரப் போடு, என் பேச்ச நம்பி எவனும் வாங்க வேணாம்” என்றார். பிறகு, “போட்டோ எடுக்கட்டும். அசிங்கமா வந்தா நானா பாக்கப் போறேன்?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இந்த மனிதர் சொன்ன எதற்கும் எனக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்க முடியாமல் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அங்கே போனதும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

“அரசி, என்னா பண்ற?” என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தார்.

வெங்காயம் நறுக்குகிறேன் என்றேன்.

“கத்திச் சத்தமே கேக்கலியே” என்றார்.